நாச்சிமுத்து முறை, இரண்டாம் நாள்

“...வயசானா மறதி வருமுங்க சாமி, அது எனக்குந் தெரியுமுங்க. ஆனா வெள்ளிக்கெழமை கெழவனாக் கெடந்தவரு செவ்வாக்கெழமை எளந்தாரியா எந்திரிச்சு உக்காருவாருங்களா? வயசுங்கறது போயிப் போயித் திரும்பி வாறதுங்களா?”

இப்படிக் கேட்டவள் என் மனைவி மயிலாத்தாள். கேட்கப்பட்டவர் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய சர்ஜன். அவர் வருகிறார் என்றால் நர்சுகளே சுவரோரம் ஒதுங்குவார்கள். இருவருக்கும் நடுவே, கையில் ஊசியும் தலைமாட்டில் தொங்கும் சீசாவுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்த கிழவன் நான். என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று அன்றைக்கு முடிவாகியிருந்தது. குணமாகி அனுப்புவதல்ல. இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, இருக்கிற நாளை வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்புவது.

அந்தக் கேள்வி கேட்கப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் அறுபது தாண்டியவர் எதையாவது மறந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். என்னைப் பற்றியும் அப்படித்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கலாம் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பல நாட்கள் எனக்கே நினைவில்லை. அவற்றை மயிலாத்தாளிடமும் மற்றவர்களிடமும் கேட்டு நிரப்பியிருக்கிறேன்.

நான் ஆறுச்சாமி. பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதிப் பக்கம் கடலையும் மிளகாயும் போடுகிற குடியானவன். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். மீதிப் படிப்பெல்லாம் பஸ் போர்டுகளில். எங்கள் வழியாகப் போகிற பஸ்களில் தமிழும் இருக்கும், மலையாளமும் இருக்கும். ஒன்றை வைத்து ஒன்றை வாசித்துப் பழகி, இரண்டையும் கைவசப்படுத்தினேன். எழுத்து அப்படி வந்தது. பேச்சு பிறவியிலேயே வந்துவிட்டது. யாராவது ஒரு நல்ல பேச்சுப் பேசினால் அதை வேட்டி முனையில் முடிகிற மாதிரி மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவனுக்கு மறதி வந்தது.

மறதி எப்படி வெளிப்பட்டது என்பதைச் சொல்ல, எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது நாலு குடும்பத்துக்குப் பொதுக் கிணறு. ஒன்பது நாள் ஒரு சுற்று. எனக்கு மூன்று நாள், என் பங்காளி நாச்சிமுத்துவுக்கு மூன்று நாள், ரங்கம்மாளுக்கு இரண்டு நாள், மேற்கு வீட்டுக்கு ஒரு நாள். அவரவர் முறையன்று அவரவர் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். எருது கட்டி இறைத்த காலத்தில் அமாவாசைக்கு எருதுகளுக்கு ஓய்வு. மோட்டார் வந்த பிறகும் அந்த வழக்கத்தை யாரும் விடவில்லை. “மோட்டாருக்கு எந்தூரு அமாவாசை?” என்று மெக்கானிக் கேலி பேசுவான், ஆனாலும் சுவிட்சைத் தொட மாட்டோம். வாரத்துக்கு ஏழு நாள், சுற்றுக்கு ஒன்பது நாள், நடுவில் அமாவாசை வந்து ஒரு நாளைத் தள்ளிவிடும். ஆக, இன்றைக்கு யார் முறை என்று காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. என்னைக் கேட்பார்கள். முப்பது வருஷமாக நான் சொன்னதுதான் முறை.

அந்த மாசி மாதம், நாச்சிமுத்துவின் மூன்றாம் நாளை ரங்கம்மாள் முறை என்று சொல்லிவிட்டேன். அடுத்த சுற்றிலும் அதே தப்பு. பூவும் பிஞ்சுமாக நின்ற அவன் மிளகாய்ச் செடிகள் அந்த வெயிலில் துவண்டு போயின. அவன் மோட்டார் ரூம் வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி சொன்னான்: “அண்ணனுக்கு மறதி ஒண்ணும் இல்லீங்க. வேணும்னே மறக்கறாரு.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நான் சொன்னதுதான் சரி என்று சாமி மேல் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். மறந்தவனுக்குத் தான் மறந்தது தெரியாது என்பதை இன்றுதான் உணர்கிறேன். நாச்சிமுத்து அதன் பிறகு என் வாசலை மிதிக்கவில்லை.

உடம்பும் அதற்கு முன்னாலேயே ஏதேதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எந்நேரமும் தாகம். ஒரு குடம் தண்ணீரை நான் ஒருவனே குடித்துத் தீர்ப்பேன், குடித்ததெல்லாம் வெளியே போகும். வயிறு கட்டிக்கொண்டது. சோற்றைக் கண்டால் குமட்டல். இடது விலாவுக்குக் கீழே ஒரு மந்தமான வலி. ஒரு நாள் சிறுநீர் செந்நிறமாகப் போயிற்று. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் மோர் குடித்தேன். அந்தச் சொல்லாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. வாசிக்கிறவர்கள் யாராவது இப்போது மோர் குடித்துக்கொண்டிருந்தால், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போகவும்.

பங்குனியில் நான் பாதி நாள் தூங்கினேன், மீதி நாள் உளறினேன். மகன் வேலுச்சாமி என்னைப் பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். அவர் விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தி, ஏதோ கட்டி தட்டுப்படுகிறது என்று சொல்லி, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அந்தப் பஸ் பயணம் எனக்கு நினைவில்லை. மயிலாத்தாள் சொன்னதைச் சொல்கிறேன். வழியில் நான் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மரியாதையாக, “நீங்க எந்தூருங்க?” என்று கேட்டிருக்கிறேன்.

“வடகரப்பதிங்க,” என்றாளாம் அவள். “உங்களைக் கட்டிக்கிட்டு அங்க வந்தனுங்க.”

“நல்ல ஊருங்க,” என்று நான் தலையாட்டினேனாம். இதை அவள் இன்று சிரித்துக்கொண்டு சொல்கிறாள். அன்று பஸ் நிற்கிறவரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள் என்று வேலுச்சாமி சொன்னான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்னைச் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டு. ஆறு மணிக்கு மேல் பெண்கள் உள்ளே இருக்கக் கூடாது, வராந்தாவோடு சரி. என் பக்கத்துக் கட்டிலில் சித்திரபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். மாடசாமி, தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர், வயிற்றுப் புண்ணுக்கு வந்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து மலையேறிய குடும்பம். பேச்சில் என்னைப் போலவே பைத்தியம். “இங்க டாக்டர் வாறது மழை மாதிரி அண்ணாச்சி. எப்ப வரும்னு தெரியாது, வந்தா ஒரு நிமிசத்துல எல்லாரையும் நனைச்சிட்டுப் போயிரும்,” என்பார். இந்தப் பேச்சைத் தெளிந்த பிறகுதான் ரசித்தேன். தெளியாத இரவுகளில் நான் ஊசியைப் பிடுங்கிவிட்டு மோட்டார் போடப் போகிறேன் என்று எழுந்திருப்பேனாம். அவர் தன் கட்டிலில் இருந்தபடியே, “கரண்டு இல்ல அண்ணாச்சி, வந்ததும் எழுப்புதேன்,” என்று சொல்லி என்னைப் படுக்க வைப்பாராம். முகம் தெரியாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வந்த அன்றைக்கே, வாந்தியில் உடம்பு வறண்டு கிடக்கிறது என்று சலைன் ஏற்றினார்கள். வேறொன்றுமில்லை, சுத்தம் செய்த உப்புத்தண்ணீர்தான், நரம்பு வழியாக இறங்குகிறது. ஒரு நாளைக்கு மூன்று, நாலு சீசா. சனிக்கிழமை காலையில் நான் கண்ணை விழித்து, “மயிலா, கட்டுத்தரையில ஆரு இருக்கறா?” என்று மாடுகளை நினைத்துக் கேட்டேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளம் வடிந்து வரப்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகிற வயல் மாதிரி, எது எங்கே இருக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது.

மறுநாள் ஞாயிறு. பயிற்சிக்கு வந்த ஒரு பையன் டாக்டர் அட்டையும் பேனாவுமாக வந்து, மலையாளத்தில் இன்று என்ன நாள் என்று கேட்டான். நான் பதில் சொன்னேன். அவன் இன்னும் இரண்டு கேள்வி கேட்டான், எழுதிக்கொண்டான், போனான். அவன் என்ன எழுதினான் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் சாப்பிடுகிறேன், வாந்தி நின்றுவிட்டது என்று ஞாயிறு மாலையே சலைனைக் கழற்றினார்கள். செவ்வாய்க்கிழமை புத்தியில் மறுபடி மூட்டம். வெள்ளிக்கிழமை சிறுநீரகத்துக்கான எக்ஸ்ரே. நரம்பில் ஒரு மருந்தைப் போடுகிறார்கள், அது சிறுநீரகத்துக்குள் போய் அங்கிருக்கும் உருவத்தை எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுக்கிறது. படம் தெளிவாக விழ வேண்டுமென்று முந்தின ராத்திரியிலிருந்து பேதிக்குக் கொடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் கூடத் தர மாட்டார்கள். ஏற்கெனவே வறண்ட ஆள் நான். அன்று பிற்பகல் பெரிய சர்ஜன் என் கட்டிலுக்கு வந்தபோது, என் பெயரே எனக்குத் தெரியவில்லை. மயிலாத்தாளை நர்ஸம்மா என்று கூப்பிட்டேனாம்.

படத்தில் இடது சிறுநீரகத்தில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஆனாலும் சர்ஜன் வேலுச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு, தகப்பனாருக்கு ‘ஓர்ம’ போய்விட்டது என்றார். மலையாளத்தில் ஓர்ம என்றால் ஞாபகம். நோய் மூளைக்கும் போயிருக்கலாம், இல்லையென்றால் வயசின் மூளைத் தேய்வாக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு இந்த உடம்பை உட்படுத்துவதில் அர்த்தமில்லை, செவ்வாய்க்கிழமை அழைத்துப் போகலாம் என்று முடித்துவிட்டார். அவர் கெட்ட மனிதரில்லை. அவர் பார்த்த அன்று நான் அப்படித்தான் இருந்தேன்.

வேலுச்சாமி அம்மாவிடம் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. அந்த நோவு என்று மட்டும் சொன்னானாம். எங்கள் வீட்டில் இன்றும் அதற்கு அந்த நோவு என்றுதான் பெயர். பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கும் என்று பயம்.

இனிதான் மயிலாத்தாளின் வேலை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று சாயங்காலமும், பிறகு தினமும் காலையில் என் முகத்தைத் துடைக்கும்போதும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டுவந்தாள்: “இன்னிக்கு ஆரு மொறைங்க?” நான் சரியாகச் சொன்னால், தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஜன்னல் திண்டில் வைப்பாள். தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கின கொட்டைகள் அவை. சரியாகச் சொன்ன நாளுக்கு வெள்ளைப் பக்கம் மேலே. தப்பாகச் சொன்ன நாளுக்குக் கறுப்புப் பக்கம் மேலே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் சரியாகச் சொல்கிறேனா, தப்பாகச் சொல்கிறேனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதைப் பிறகு நானே கேட்டேன். “ஏனுங்க, நாப்பது வருசமா நாந்தானுங்க வாய்க்கால்ல மடை மாத்தறேன்,” என்றாள். முறை என் தலையில் மட்டும்தான் இருக்கிறது என்று முப்பது வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் நான். அது அவள் தலையிலும் அத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை எனக்கு மறுபடி வாந்தி. வீடு போய்ச் சேருகிறவரை தாங்க வேண்டுமே என்று இரக்கப்பட்டு, வார்டில் இருந்த சின்ன டாக்டரம்மா மறுபடி சலைன் போட்டாள். பாலக்காட்டுச் சித்தூர்க்காரப் பெண், முப்பது வயசுக்குள் இருக்கும், நம் தமிழ் நன்றாகப் பேசுவாள். திங்கட்கிழமை நான் தெளிந்தேன். செவ்வாய்க்கிழமை இன்னும் தெளிவு. தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னை அழைத்துப் போக அன்று காலை ஊரிலிருந்து கார் வந்தது. கார் பிடித்துக்கொண்டு வந்தவன் நாச்சிமுத்து. சாக அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வேலுச்சாமியிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டிருக்கிறான். வார்டு வாசலில் தூணோடு தூணாக நின்றானே தவிர, உள்ளே வரவில்லை.

அப்போதுதான் பெரிய சர்ஜன் வந்தார், கூடவே சின்ன டாக்டரம்மாவும், அந்தப் பையன் டாக்டரும், மாணவர்களும். மயிலாத்தாள் அவர் பாதையை மறித்து நின்று, இந்த எழுத்தின் தொடக்கத்தில் நான் வைத்த கேள்வியைக் கேட்டாள்.

சர்ஜன் கோபிக்கவில்லை. நோயாளியின் அட்டையைப் புரட்டினார். சலைன் ஏறிய நாளிலும் ஓர்ம இல்லை என்று எழுதியிருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை என்ன நாள் என்று கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறாரே என்றார். சம்பந்தமில்லாமல் என்ன பேசினார் என்று சின்ன டாக்டரம்மா கேட்டாள். பையன் டாக்டர் தயங்கி, நான் சொன்னதை அப்படியே சொன்னான்.

“இன்னிக்கு நாச்சிமுத்து மொறை, ரெண்டாம் நாளு.”

வார்டில் ஒருவர் சிரித்தார். மயிலாத்தாள் சிரிக்கவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். பிறகு வாசலைப் பார்த்து, “தம்பி, இங்க வா. அந்த ஞாயித்துக்கெழமை ஆரு மொறை? நீயே சொல்லு,” என்றாள்.

நாச்சிமுத்து தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சர்ஜனைப் பார்த்துச் சொன்னான்.

“அண்ணன் சொன்னது சரிதானுங்க. அன்னிக்கு எம்பட மொறை, ரெண்டாம் நாளு. மொளகாய்க்குத் தண்ணி உட்டுட்டு இருந்தனுங்க. ஒம்பது நாளாச்சுங்க. இன்னிக்கும் எம்பட மொறைதான், ரெண்டாம் நாளு. உட்டுப்போட்டு வந்துட்டனுங்க.”

தண்ணீர் முறையை விட்டுவிட்டு வருவது என்றால் என்னவென்று அந்த வார்டில் எத்தனை பேருக்குப் புரிந்ததோ எனக்குத் தெரியாது. எனக்குப் புரிந்தது. கட்டிலில் ஒதுங்கி அவனுக்கு இடம் விட்டேன்.

சின்ன டாக்டரம்மா அதற்குள் ஜன்னலருகே போய்விட்டாள். இந்தக் கொட்டைகள் என்ன என்று கேட்டாள். மயிலாத்தாள் விளக்கினாள். இரண்டு கறுப்பு, மூன்று வெள்ளை, ஆறு கறுப்பு, இரண்டு வெள்ளை. பதின்மூன்று நாள். டாக்டரம்மா நர்ஸின் சலைன் பட்டியலை எடுத்து ஜன்னல் திண்டில் விரித்து, கொட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சீசா ஏறத் தொடங்கி ஒன்றரை நாளில் கொட்டை வெளுக்கிறது, இரண்டு தடவையும். சீசா நின்று இரண்டு நாளில் கறுக்கிறது. சர்ஜன் குனிந்து பார்த்தார். மூளைத் தேய்வு உப்புத்தண்ணீருக்குக் கட்டுப்படாது என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்வது போல மலையாளத்தில் சொன்னார். பிறகு, இரத்தத்தில் கால்சியம் பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை.

கார் காலியாகத் திரும்பிப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கால்சியம் இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். சின்ன டாக்டரம்மா என் கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நம் எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்துதான் கால்சியம். சில புற்றுக் கட்டிகள் ஒரு சரக்கைச் சுரந்து இரத்தத்தில் விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்துவிடும். இரத்தத்தில் அது கூடினால் தாகம், மலச்சிக்கல், குமட்டல், கடைசியில் புத்தி மழுங்கல், மறதி. சலைன் கொஞ்ச நாள் அதைக் கழுவி வெளியே தள்ளும், அவ்வளவுதான். கட்டி உள்ளே இருக்கிறவரை மறுபடி மறுபடி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அவள் ஒளிக்காமல் இன்னொன்றும் சொன்னாள். வயசானவர்களின் மறதி எல்லாம் இப்படிப்பட்டதல்ல. புற்றுநோய் வந்தவர்களிலும், நோய் மூளைக்கே போய் மறந்தவர்கள் உண்டு, மருந்தின் கடுமையில் மறந்தவர்கள் உண்டு, புற்றும் மறதியும் சம்பந்தப்படாமல் தனித்தனியாக ஒரே உடம்பில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் வயசின் தலையில் போட்டுவிடுவதுதான் தப்பு. “உங்களுடைய ஞாபகம் திரும்பி வரக்கூடியது என்று நினைக்கிறோம். கட்டியை எடுத்தால்தான் தெரியும்,” என்றாள்.

வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பால் வந்ததா என்று மயிலாத்தாள் கேட்டாள். இல்லவே இல்லை என்றாள் டாக்டரம்மா. இருந்தாலும் என் சுண்ணாம்பு டப்பா அன்றைக்கே காணாமல் போயிற்று.

ஆபரேஷனுக்கு முன் இரத்தம் வேண்டும், சொந்தக்காரர்கள் கொடுக்க வேண்டும் என்றார்கள். வேலுச்சாமியின் இரத்தம் எனக்குச் சேரவில்லை. நாச்சிமுத்துவினுடையது சேர்ந்தது. கொடுத்துவிட்டு, பஞ்சு ஒட்டின கையை மடக்கியபடி என் கட்டிலருகே வந்து நின்றான். “இனி மொறை சொல்றப்ப எம்பட பக்கம் கொஞ்சம் சாஞ்சாலும் தப்பில்லீங்க அண்ணா. ரத்தம் எம்படது,” என்றான். மாசிக்குப் பிறகு அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. மாடசாமி அதைக் கேட்டுத் தன் வயிற்றுப் புண்ணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்படிச் சின்னச் சின்ன நன்மைகள் பல. ரங்கம்மாள் வாரம் இரண்டு தடவை பஸ் டிரைவரிடம் தூக்குப்போசியில் ரசம் கொடுத்தனுப்பினாள். மேற்கு வீட்டுக்காரர் எங்கள் கடலைக்குத் தன் ஆட்களை விட்டுக் களை எடுத்தார். செலவுக்கு எங்கள் பால் எருமை போயிருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஊர் திரும்பிக் கட்டுத்தரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பயம் இல்லாமலில்லை. தெளிந்த மூளையோடு பயப்படுவது இன்னும் கஷ்டம். மூட்டத்தில் இருந்தபோது எனக்கு ஒரு கவலையும் இல்லை, மற்றவர்கள்தான் அழுதார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் எல்லாம் தெரிந்திருந்தது. நாளை இந்நேரம் இருப்பேனா, இருந்தாலும் நானாக இருப்பேனா என்று யோசித்தேன். செத்துப்போவதைவிட, பிழைத்து எழுந்து, மயிலாத்தாளைப் பார்த்து மறுபடி எந்த ஊர் என்று கேட்டுவிடுவேனோ என்பதுதான் அதிகப் பயம்.

இடது விலாவை ஒட்டி ஒரு முழத்துக்குக் கிழித்து, கட்டியோடு அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். மனிதனுக்கு ஒன்று போதும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூன்று நாள் வலியைத் தவிர எதுவும் நினைவில்லை. இருமினால் விலா பிளந்துவிடும் போலிருக்கும். இருமாமலும் இருக்கக் கூடாதாம். மாடசாமி எதிரே உட்கார்ந்து, “இருமுங்க அண்ணாச்சி, நான் எண்ணுதேன்,” என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் நாள் காலையில் சலைனைக் கழற்றினார்கள். உண்மையான பரீட்சை அதுதான் என்று வார்டுக்கே தெரிந்திருந்தது. இதற்கு முன் சீசா நின்று இரண்டே நாளில் நான் இருண்டு போனேன். இந்தத் தடவை என்ன ஆகும்? முதல் நாள் சரியாகச் சொன்னேன். அதை யாரும் மதிக்கவில்லை. இரண்டாம் நாளும் சொன்னேன். மயிலாத்தாள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அவள் முகம் துடைக்க வரும்போது பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவள் பிழிய மறந்த துணியிலிருந்து தண்ணீர் என் கழுத்தில் சொட்டியது.

“இன்னிக்கு ஆரு மொறைங்க?”

“இன்னிக்கு ஆருக்கும் மொறை இல்ல,” என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. “அமாவாசை. மோட்டார் போடக் கூடாது. நாளைக்குத்தான் நம்ம மொறை ஆரம்பிக்குது, மொதல் நாளு.”

அவள் ஒரு நிமிஷம் விரலை மடக்கினாள். பிறகு துணியை என் மடியில் போட்டுவிட்டு, “பாவி மனுசா,” என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னை ங்க போடாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். அந்த வார்டில் அன்று இருந்த சந்தோஷத்தை எந்தக் கல்யாண வீட்டிலும் நான் பார்த்ததில்லை. தன் வயிற்றுக்கு ஆகாது என்று தெரிந்தும் மாடசாமி ஒரு டீ வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம். மறு பரிசோதனையில் கால்சியம் சரியான அளவில் இருந்தது. தையல் பிரித்தார்கள். எடுத்த கட்டியைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கிற பரிசோதனையில், புற்று சிறுநீரகத்தின் உறைக்கு வெளியே தாண்டவில்லை என்று வந்தது. இந்தச் செய்தியை நர்ஸிடம் சொல்லி அனுப்பாமல் பெரிய சர்ஜனே கொண்டுவந்தார். நான் சேர்ந்து முப்பத்துநாலாம் நாள் அது. மாணவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் என் அட்டையைத் தூக்கிக் காட்டி, இந்த நோயாளியின் நோயை நாங்கள் மூன்று பேர் எழுதினோம், மூன்று பேரும் தப்பாக எழுதினோம், சரியாக எழுதியது இந்த அம்மா, இவருக்கு எழுதத் தெரியாது என்றார். பையன் டாக்டர் தரையைப் பார்த்தான். எனக்கு அவன் மேல் கோபமில்லை. அவன் கேட்டது நாள், நான் சொன்னதும் நாள்தான். அவனுடைய காலண்டரில் அது இல்லை, அவ்வளவுதான்.

சர்ஜன் மயிலாத்தாள் பக்கம் திரும்பி, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை.

“மறுக்கா வராதுங்களா சாமி?”

வராது என்று சொல்ல எந்த டாக்டருக்கும் அதிகாரமில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், தாகமோ மறதியோ தலைகாட்டினால் அன்றைக்கே வர வேண்டும். ஆனால் இன்றைக்கு, தமக்குத் தெரிந்தவரை, என் உடம்புக்குள் அது இல்லை.

மயிலாத்தாள் அதைக் கேட்டுத் தலையசைத்தாள். கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “எந்திரிங்க, அந்த ஸ்டூல்ல உக்காருங்க,” என்றாள். எதற்கென்று தெரியாமல் நான் இறங்கி உட்கார்ந்தேன். ஆண்கள் வார்டு, பட்டப்பகல், பெரிய டாக்டரும் மாணவர்களும் சுற்றி நிற்கிறார்கள். முப்பத்துநாலு நாளாக வராந்தாச் சுவரில் சாய்ந்தே கண்ணயர்ந்தவள், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் என் கட்டிலில் ஏறி, காலை நீட்டி, முந்தானையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கிப் போனாள்.